புளித்துறைக்குப் போகாத ளகரம்

முன்பொரு காலத்தில், ஒரு வானொலி நிலையத்தின் செய்தி அறையில், தமிழ் எழுத்துகளெல்லாம் மைக்குக்கு முன்னால் காத்திருந்து பிழைத்துவந்தன. தாளில் உள்ள எழுத்தை நாக்கு கூப்பிடும். கூப்பிட்ட எழுத்து காற்றில் ஏறி ஊர் ஊராகப் போய்த் திரும்பும்.

அருள்விழி என்ற பெண் செய்தி வாசிக்க வந்த பிறகு ளகரத்துக்கு வேலை குறைந்துபோனது. அருள்விழிக்குக் கேட்டவர் நின்று கேட்கும் குரல். ஆனால் அவள் நாக்கு சோம்பேறி. ளகரத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் அது மேலண்ணம் வரை வளைந்து போக வேண்டும். லகரமோ பல்லுக்குப் பின்னாலேயே நின்றது. அதனால் பள்ளி பல்லியானது, வாளி வாலியானது. தன் பெயரையே அவள் 'அருல்விலி' என்றுதான் சொன்னாள்.

ழகரம் எப்போதோ மூலையில் ஒதுங்கிவிட்டது. தமிழ் விழா வந்தால் மட்டும் அதற்கு மாலை போட்டு மேடையில் ஏற்றுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள்.

ஒருநாள் நேயர் ஒருவர் போன் செய்து குறைப்பட்டுக்கொண்டார். நிலையத் தலைவர் எபநேசர் அருள்விழியைக் கூப்பிட்டார்.

"யாரோ உச்சரிப்பு சரியில்லைங்கிறாங்க. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா. ஜனங்களுக்குக் குரல்தான் பிடிச்சிருக்கு. புரிஞ்சாப் போதும்."

"தேங்க்ஸ் சார்" என்றாள் அருள்விழி. நாக்கு இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டது.

ளகரத்துக்குத் தாங்கவில்லை. "என் இடத்துக்கெல்லாம் நீ ஏனக்கா போகிறாய்?" என்று லகரத்திடம் கேட்டது.

"நானா ஆசைப்பட்டுப் போகிறேன்? நாக்குதான் பிடித்துத் தள்ளுகிறது. போகிற இடத்தில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் அவமானம் இல்லையா?" என்றது லகரம்.

அந்த ஐப்பசியில் புயல் அடித்தது. கரண்டு போனது, செல்போன் கோபுரங்கள் சாய்ந்தன. பேட்டரி ரேடியோ ஒன்றுதான் ஊர்களுக்கு மிச்சம். மத்தியானம் அவசரச் செய்தி ஒன்று அருள்விழியின் கைக்கு வந்தது. பெரிய ஏரியின் கரை எந்நேரமும் உடையலாம், புளித்துறை மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்று அதில் இருந்தது.

புளித்துறை ஏரிக்குக் கீழே பள்ளத்தில் கிடந்த ஊர். புலித்துறை என்று வேறொரு ஊரும் அந்தப் பக்கம் இருந்தது. அது மேட்டில், பாறைமேல்.

ளகரம் ஓடிப்போய் நாக்கின் முன்னால் நின்றது. "இந்த ஒரு தடவை என்னை அனுப்பு. உயிர் போகிற விஷயம்."

"எல்லாருக்கும் புரியும். அவசரத்தில் வளைந்துகொண்டிருக்க முடியுமா?" என்றது நாக்கு.

லகரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. "நான் போக மாட்டேன். அது என் ஊர் இல்லை!"

நாக்கு அதை ஒரே தள்ளாகத் தள்ளியது. "புலித்துறை மக்கல் உடனே வெலியேறவும்" என்று காற்றில் போனது செய்தி.

இருட்டுவதற்குள் ஏரி உடைந்தது. அதற்குப் பிறகுதான் லகரம் திரும்பி வந்தது. உடம்பெல்லாம் சேறு.

"பள்ளத்து ஊரில் செல்லையா என்று ஒருத்தன். ரேடியோவை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'கெளம்பணுமா?' என்று கேட்டாள். 'நமக்கு இல்ல புள்ள, புலித்துறைக்காரங்களத்தான் போகச் சொல்றாங்க. பாவம், இந்த மழையில எங்க போவாங்களோ' என்றான். அவள் பிள்ளையை இறக்கித் தூளியில் போட்டாள்."

"நீ ஒன்றும் சொல்லவில்லையா அக்கா?"

"என்னவென்று சொல்வேன்? நான் லகரம். எனக்கு லகரமாகத்தான் ஒலிக்கத் தெரியும்."

ளகரம் அதன் மேலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டது.

மறுநாள் காலை எபநேசர் அறைக்குள் வந்தார். முகம் வெளுத்திருந்தது. அருள்விழி அழுது அழுது கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"நான் சரியாத்தானே சார் வாசிச்சேன்? புலித்துறைன்னுதானே சொன்னேன்?"

எபநேசர் அவளையே பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அன்று வாசிக்க வேண்டிய தாளில் அந்த ஊரின் பெயருக்குக் கீழே அழுத்தமாகக் கோடு போட்டார். "இந்தப் பேரையாவது சரியாச் சொல்லும்மா" என்று சொல்லிக் காட்டினார். அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் நாக்கு முக்கி முனகி, வளைந்து, மேலண்ணத்தைத் தொட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. நாக்கு மரியாதையாக ளகரத்தைக் கூப்பிட்டது. "புளித்துறையில்…" என்றாள் அருள்விழி. ளகரம் காற்றில் ஏறிப் போனது. அங்கே கேட்க ஆள் இல்லை. உடனே திரும்பி வந்தது.

அடுத்த சொல்லிலும் தான் இருப்பதை ளகரம் தாளில் பார்த்தது. உட்காராமல் அங்கேயே தயாராக நின்றது. அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு இல்லை.

"…வெல்லத்தில் மாண்டவர்கலுக்கு" என்று நாக்கு வாசித்துக்கொண்டு போனது.