கரிச்சான் குரலைத் தொலைத்த குகை

அந்தக் காலத்தில், பறவை சொன்னதை மனிதரும் மனிதர் சொன்னதைப் பறவையும் கேட்டுப் பதில் பேசிக்கொண்டிருந்தபோது, கரிச்சான் குருவிக்கென்று சொந்தமாக ஒரு குரல் இருந்தது. பித்தளைக் குடத்துக்குள் தண்ணீர் சொட்டுகிற மாதிரி மெல்லிய குரல். அந்தக் குரலை வைத்துத்தான் அது ஊரில் மரியாதையோடு இருந்தது.

காரணம், மூடுமலை. அதன் உச்சியில் ஒரு குகை. உள்ளே சிலை இல்லை, வாசலில் பூசாரி இல்லை. குளிர்ந்த காற்று மட்டும் உள்ளிருந்து வரும், சற்று நிற்கும், மறுபடி வரும். மூச்சு விடுகிற மாதிரிதான் இருக்கும். அங்கே போகிற பாதையில் பட்டப்பகலிலும் பனி மூடிக் கிடக்கும். நடக்கிறவருக்குத் தன் கால் தெரியாது. கரிச்சான் முன்னே பறந்து கூவும். ஜனங்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். குகை வாசலில் அகல் ஏற்றி, மனக்குறையை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, திரி அணையும்வரை உட்கார்ந்திருப்பார்கள். உள்ளேயிருந்து ஒரு பதிலும் வந்ததில்லை. ஆனாலும் இறங்கி வரும்போது முகம் தெளிந்திருக்கும். எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

மலையடிவாரத்தில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மருதையன் உப்பு வாங்கப் பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனவன். நாலு மாதம் கழித்து மாடுகள் மட்டும் வந்தன. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இனியும் பொறுப்பதற்கில்லை, தை பிறந்ததும் அவள் தாலியை இறக்கிவிட வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. அமாவாசைதோறும் அவள் மலையேறி ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். அவன் இருக்கிறானா, இல்லையா?

மார்கழி அமாவாசையன்று பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். உள்ளே இருப்பது நாம் சொல்வதைக் கேட்கிறதா என்று கரிச்சானிடம் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது தாயி. நான் வாசலோடு சரி" என்றது கரிச்சான்.

"தெரியாமலா இத்தனை சனத்தைக் கூட்டிட்டு வர்றே?"

கரிச்சானுக்குச் சுருக்கென்றது. வழிகாட்டுகிறவனுக்கு வழி தெரிந்தால் போதாதா? போதும்தான். ஆனால் ரோஷம் வந்தால் யாருக்குப் புத்தி வேலை செய்கிறது? போதாததற்கு, இன்றைக்கும் பதில் வராவிட்டால் இனி இந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று காத்தாயி வேறு சொல்லிவிட்டாள். சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கக் கரிச்சானுக்குப் பாவமாகவும் இருந்தது.

அவள் அகலை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, அதுவரை தாண்டாத வாசலைத் தாண்டிக் கரிச்சான் உள்ளே போய் இருட்டில் ஒரு பொந்தில் ஒண்டிக்கொண்டது. மருதையனின் குரல் அதற்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் வழி நெடுக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு ஏறியவன் அவன். காத்தாயி கேட்டு முடித்ததும் கரிச்சான் அந்தக் குரலில் பேசியது.

"இருக்கேன் புள்ள. வந்துருவேன்."

காத்தாயி அழுதாள், சிரித்தாள், குகை வாசலில் விழுந்து கும்பிட்டாள். அதோடு வீட்டுக்குப் போவாள் என்றுதான் கரிச்சான் நினைத்தது. அவள் போகவில்லை. குரல் வந்த இடத்தை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் குகைக்குள் முகத்தை நீட்டி, "எங்க இருக்கே மாமா?" என்று கேட்டாள். தூரத்தில் இருக்கிறேன், நீ வீட்டுக்குப் போ என்று சொல்லக் கரிச்சான் வாயைத் திறந்தது. அதற்குள், அது இருந்த இடத்துக்கும் வெகு ஆழத்திலிருந்து மருதையனின் குரல் வந்தது.

"இங்கதான் இருக்கேன்."

கரிச்சானுக்கு இறகெல்லாம் குத்திட்டு நின்றது. வெளியே பறந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னது. முதலில் பேசியது நான்தான், என்னை மன்னித்துவிடு என்று கெஞ்சியது.

காத்தாயி உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இன்னிக்குப் பேசினது யாரு?" என்றாள். "நான் வாசலோடு சரின்னு நீதானே சொன்னே" என்று சொல்லி அதைத் தட்டிவிட்டாள்.

அப்புறம் அவள் சோறு தண்ணீர் எடுக்கவில்லை. கேட்பாள்; உள்ளேயிருந்து பதில் வரும். கூலிக்கு ஆள் வைத்ததுபோலத் தவறாமல் வந்தது.

மூன்றாம் நாள் மருதையன் வந்தான். நிஜ மருதையன். கடற்கரைக் கிராமம் ஒன்றில் தொடை எலும்பு முறிந்து, காய்ச்சலோடு இரண்டு வருஷம் யார் வீட்டிலோ கிடந்தவன். பெண்டாட்டி மலையில் இருக்கிறாள் என்று கேட்டதும் ஊன்றுகோலோடு ஏறிவிட்டான். கரிச்சான் தொண்டை கிழியக் கூவி அவனை வழிநடத்திக்கொண்டு வந்தது.

"காத்தாயி, நான் வந்துட்டேன்" என்றான். காய்ச்சல் தின்ற குரல், கரகரவென்று இருந்தது. தாடியும் எலும்புமாக நின்றவனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருய்யா நீ? எங்க மாமா உள்ள இருக்காரு."

குகைக்குள்ளிருந்து இரண்டு வருஷத்துக்கு முந்தைய குரல், ஒரு கீறலும் இல்லாமல் கூப்பிட்டது. "வா புள்ள."

அவள் எழுந்து உள்ளே போனாள். மருதையன் கோலைப் போட்டுவிட்டுக் கையால் ஊர்ந்து பின்னால் போனான். அவள் கால்சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு இல்லை. குகையின் காற்று நின்றது. வெகுநேரம் நின்றிருந்துவிட்டு, மறுபடி மெதுவாக வரத் தொடங்கியது.

அவளைக் கூப்பிடக் கரிச்சான் வாயைத் திறந்தது. மருதையனின் குரல் வந்தது. பதறி மறுபடி திறந்தது. காத்தாயியின் குரல் வந்தது. எத்தனை முறை முயன்றும் தன் குரல் வரவில்லை. அப்போது குகையின் ஆழத்தில், பித்தளைக் குடத்துக்குள் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு கூவல் கேட்டது.

குகையைக் கல்லடுக்கி மூடிவிடலாம் என்றார்கள் ஊரார். இருட்டில் அவளைத் துழாவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்திருந்த மருதையன் விடவில்லை. அமாவாசைதோறும் பாறையைத் தடவித் தடவி ஏறுவான். அகல் ஏற்றுவான். "புள்ள, வந்திருக்கேன்" என்பான். சொன்ன வாய் மூடுமுன் எழுந்து இறங்கத் தொடங்கிவிடுவான். திரி அணையும்வரை உட்கார்ந்தால் என்ன என்று கூட வந்தவர்கள் கேட்டார்கள்.

"பதில் வந்துச்சுன்னா, அது அவதானான்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிப்பேன்? அவ கேக்குறான்னு நம்பித்தான் ஏறி வர்றேன். அது எனக்குப் போதும்" என்றான்.

அன்றிலிருந்துதான் கரிச்சான் கேட்ட குரலில் எல்லாம் பேசிப் பார்த்துத் தன் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறது. மூடுமலைக்குப் போகிறவர்களும், வேண்டுதலைச் சொன்ன கையோடு, பதில் வருவதற்குள் இறங்கிவிடுகிறார்கள்.