பத்து நிமிடம் அசையாதவர்

“நான் கொடுத்த பட்டியல்ல ஒரு பொய்யும் இல்ல சாமி. கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.”

குருவின் எதிரே உட்கார்ந்ததும் பொன்னுரங்கம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கும்பிட்டதுகூட அதற்குப் பிறகுதான்.

குரு அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். ஞாயிறு காலையில் அவரைத் தேடி வருகிறவர்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். எதிரே ஒரே ஒரு பாய். ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாம்.

பொன்னுரங்கத்தின் முறை வர அன்று இரண்டு மணி நேரம் ஆயிற்று.

நடந்ததைச் சொன்னார்.

அவருடையது பாலங்களை வடிவமைக்கும் கம்பெனி. வரைகிறவர்கள் முப்பது பேர். வரையும் மென்பொருள் அவர்கள் கணினியில் இல்லை. எங்கோ கிளவுடில் இருக்கிறது, வாடகைக்கு. அதைத் திறக்க ஒரு டோக்கன் வேண்டும். முப்பது பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு டோக்கன்கள்தான். ஒருவர் கை அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் அவருடைய டோக்கன் தானாகக் கழன்று, காத்திருக்கிறவருக்குப் போய்விடும். இதையெல்லாம் பார்த்துக்கொள்வது பொன்னுரங்கத்தின் வேலை.

அரை மணியைப் பத்து நிமிடமாகக் குறைக்கச் சொன்னது மேலிடம். குறைத்தார். டோக்கனை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது யார் யார் என்று கேட்டது. பட்டியல் கொடுத்தார்.

பட்டியலில் முதல் பெயர் அருளப்பன். பத்தொன்பது வருஷமாகப் பொன்னுரங்கத்துக்குப் பக்கத்து மேஜை.

வெள்ளிக்கிழமை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகும்போது அருளப்பன் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

அருளப்பன் ஒரு தூணை வரைவதற்கு முன்னால் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். முக்கால் மணி நேரம்கூட ஆகும். பிறகு ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டை இதுவரை யாரும் திருத்த வேண்டி வந்ததில்லை.

மற்றவர்கள் விவரமானவர்கள். டீ குடிக்கப் போகும்போது மவுஸைக் கைக்கடிகாரத்தின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். நொடிமுள் ஓட ஓட, திரையில் அம்பு நடுங்கிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் கணக்கில் அவர்கள் ஓயாத உழைப்பாளிகள். அருளப்பனிடமும் ஒருவன் கடிகாரத்தை நீட்டியிருக்கிறான். அவர் வாங்கவில்லை.

“வாட்ச் வரைஞ்ச பாலத்து மேல நீ வண்டி ஓட்டுவியாப்பா?” என்று கேட்டாராம்.

குரு சிரித்துவிட்டார். பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அருளப்பன் மனுக் கொடுத்திருக்கிறார். நாளைக்கு விசாரணை. பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு, பட்டியல் சரிதானா என்று கேட்பார்கள். சரி என்றால் அருளப்பனுக்கு இனி வேலை இல்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் தன்னுடைய வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது? பட்டியல் சரிதான். கணக்கில் ஒரு நிமிடம்கூடப் பிசகு கிடையாது. அப்புறம் சரி என்று சொல்வதில் என்ன பாவம்?

“பாவம் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும் சாமி. நான் நிம்மதியா போயிடுவேன்.”

குரு கேட்டார். “அருளப்பன் சும்மாவா இருந்தாரு?”

ஆமாம் என்று சொல்லப் பொன்னுரங்கத்துக்கு நாக்கு வரவில்லை. இல்லை என்று இங்கே சொன்னால் நாளைக்கு அங்கேயும் சொல்லியாக வேண்டும். மகளுடைய படிப்பு நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அருளப்பன் நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. பாயின் கோரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

வெயில் நகர்ந்து அவர் முழங்கால்மேல் ஏறியது.

“அடுத்தவங்க வாங்க,” என்றார் குரு.

பின்னாலிருந்த பெண் எழுந்து வந்து, பாய் காலியாகட்டும் என்று ஓரமாக நின்றாள்.

“சாமி, நான் இன்னும் பதில் சொல்லல.”

“பத்து நிமிஷமா நீங்க அசையல. இவங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“சும்மா இல்ல சாமி. யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“அது எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றார் குரு. “நான் என்ன, பத்தொன்பது வருஷம் உங்க பக்கத்து மேஜையிலயா உட்கார்ந்திருந்தேன்?”