தலைகீழாக வைத்த படம்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குரு தமயந்திக்கு முப்பது வயது. கோவையில் ஒரு டிஜிட்டல் அச்சகத்தில், அறையை அடைத்து நிற்கும் கலர் மெஷினை ஓட்டுபவள். சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காகிதம் வெட்டும் பிரிவில் இருந்த அவரை முதலாளி மெஷின் பழக அனுப்பியிருந்தார். சின்னவளிடம் பாடம் கேட்க அவருக்குக் கூச்சமே கிடையாது. பயமெல்லாம் மெஷினிடம்தான்.

அன்று காலை தமயந்தி வந்தபோது சென்னியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கை, நெற்றி, மூக்கு எங்கும் கறுப்பு டோனர் பொடி.

"என்னங்ணா, பேப்பர்ல அடிக்கச் சொன்னா மூஞ்சியில அடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க?"

"சிரிக்காதீங்க அம்மிணி. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. நான் கட்டிங்குக்கே போயிர்றேன்."

"போலாம். அதுக்கு முன்னால என்னன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். தங்கமுத்து என்பவர் தன் அக்காவைப் பற்றி ஒரு புத்தகம் அச்சடிக்கக் கொடுத்திருந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா. மறுநாள் அவளுக்கும் மாமாவுக்கும் அறுபதாம் கல்யாணம். அட்டைக்கு அவளுடைய இளவயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, தீப்பெட்டி அளவில், பழுப்பேறி. சென்னியப்பன் அதை மெஷினின் கண்ணாடிமேல் வைத்துப் பெரிதாக்கினார். புருவத்துக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி, கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அடுத்த தாளிலும் அதே இடத்தில் அதே இரண்டும். டோனர் என்ன பாவம் செய்ததோ, அதையும் மாற்றிப் பார்த்தார். புள்ளிகள் அசையவில்லை. பொடி அவர் முகத்துக்கு வந்ததுதான் மிச்சம்.

"பேசாம கம்ப்யூட்டர்ல ஏத்தி ரெண்டையும் அழிச்சரலாமுங்களா? மொகம் பளிச்சுனு ஆயிரும். மத்தியானம் அவரு வந்துருவாருங்க."

தமயந்தி அந்தச் சின்னப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எங்கும் பழுப்பும் திட்டுமாக இருந்தது. எது முகம், எது கறை என்று அவளுக்கும் பிடிபடவில்லை.

"போட்டோவைத் தலைகீழா வைங்ணா."

"கவுத்து வெச்சா புள்ளி கொட்டிருமாக்கும்?"

"வைங்க."

வைத்தார். தாள் வெளியே வந்தது. பெண் தலைகீழாக நின்றாள். தமயந்தி பழைய தாளையும் புதிய தாளையும் மெஷினிலிருந்து வந்த வாக்கிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

புருவத்துப் புள்ளி புருவத்தோடு கீழே இறங்கியிருந்தது. கன்னத்துப் புள்ளி மட்டும் தாளில் பழைய இடத்திலேயே இருந்தது. அங்கே இப்போது கன்னம் இல்லை, தாவணி இருந்தது.

"பொண்ணு கூடப் போனது பொண்ணோடது. போகாம நின்னது நம்முளுது."

மெஷினைத் திறந்து, தாளில் படத்தைப் பதிக்கும் உருளையான டிரம்மை மெல்ல வெளியே எடுத்தாள். அதன்மேல் டோனர் கட்டியாக ஒட்டியிருந்தது, கடுகைவிடச் சின்னதாக. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாள். அடுத்த தாளில் கன்னம் சுத்தமாக இருந்தது. புருவத்துப் புள்ளி அப்படியே இருந்தது.

"இதுக்கு அவரு சத்தம் போட்டா?"

"போட்டா கேட்டுக்கலாம்."

மத்தியானம் தங்கமுத்து வந்தார். சென்னியப்பன் அட்டையை நீட்டிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். வாங்கியவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். அவர் விரல் நேராகப் புருவத்துக்குப் போனது. சென்னியப்பன் இன்னும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"இந்தத் தழும்பு!" என்றார் தங்கமுத்து. "நான் கைக்கொழந்தைங்க. என்னைய இடுப்புல வெச்சுட்டுக் கெணத்தடியில வழுக்கி உளுந்துருச்சு அக்கா. கல்லுல நெத்தி பட்டு ரத்தமா ஊத்துச்சாம். என்னையக் கீழ உடலீங்க. இப்ப சுருக்கத்துல அது மறைஞ்சே போச்சு. இந்தப் படத்துல இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க."

இருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். புத்தகங்களைக் கொடுத்தனுப்பும்வரை சென்னியப்பன் நிமிரவில்லை.

பிறகு தமயந்தியிடம் வந்தார்.

"என்னையும் கும்பிட்டுட்டுப் போறாருங்க அம்மிணி. நான் அதை அழிக்கப் பாத்தவன். நீங்க இல்லீன்னா... நல்லா இருக்கோணும் நீங்க."

அவள் டிரம் துடைத்த துணியை உதறி மடித்தாள்.

"அது தழும்புன்னு உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்ணா."

"அப்புறம் எப்படிங்க?"

"தெரியாததுனாலதானே திருப்பிப் பாத்தோம்" என்று துணியை அவர் கையில் கொடுத்தாள்.