பார்க்காத ரிப்போர்ட்

டாக்டர் திருமேனிநாதன் வகுப்பறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். திருச்சியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பயாப்ஸி ரிப்போர்ட்டுகளுக்குக் கையெழுத்திடுபவர். தகவல் பாதுகாப்பை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா, அவரைவிட இருபது வயது இளையவர்.

"நீங்க சொல்லிக்கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து எதுக்கு மேடம்?"

கையிலிருந்த பென்டிரைவை மேசையில் வீசினார்.

தெய்வானை என்ற பெண்ணுக்கு மார்பில் சாதாரணக் கட்டிதான். டெக்னீஷியன் ஞானவேல் இன்னொரு நோயாளியின் முடிவை அவள் பெயரில் ஏற்றிவிட்டான். ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று இருந்தது. கீழே டாக்டரின் டிஜிட்டல் கையெழுத்து. அதை நம்பி மார்பை அகற்றிவிட்டார்கள்.

"அது என் கண்ணிலயே படல. ஆனா என் கையெழுத்துன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. அந்தக் கையெழுத்து பொய்னு எழுதிக் கொடுங்க."

ஜெசிந்தா பென்டிரைவிலிருந்த அந்த ரிப்போர்ட்டைத் திறந்து மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"ஏதாவது ஒரு எழுத்தை மாத்துங்க."

அவர் தெய்வானையின் வயதை 41-லிருந்து 42 ஆக்கினார். கையெழுத்து செல்லாது என்று சிவப்பில் வந்தது.

"ஒரு எழுத்து மாறினாலே செல்லாது. நீங்க கொண்டுவந்தது செல்லும்னுதான் காட்டுச்சு, அப்போ வழியில யாரும் இதைத் தொடல. உங்க லேப்லேர்ந்து போனது போனபடியே போய்ச் சேர்ந்திருக்கு. கையெழுத்துப் போடற உங்க யு.எஸ்.பி. டோக்கன் எங்க?"

"லேப் கம்ப்யூட்டர்லயே செருகியிருக்கும்."

"பின் நம்பர்?"

"ஞானவேலுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு அறுபது ரிப்போர்ட் மேடம். ஒவ்வொண்ணுக்கும் நானே உட்கார்ந்து நம்பர் அடிக்க முடியுமா?"

"முடியாதுன்னா, உங்களால பார்க்க முடிஞ்ச நாற்பதோட நிறுத்தியிருக்கணும்."

"டோக்கன் திருடு போச்சுன்னாவது எழுதுங்க."

"திருடு போகல. நீங்க கொடுத்திருக்கீங்க."

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

"முப்பது வருஷமா டாக்டரா இருக்கேன். இந்த ரிப்போர்ட்டை நான் பார்க்கவே இல்லன்னு சொல்றேன். உங்களுக்குப் புரியலையா?"

ஜெசிந்தா எழுந்து நின்றார். வகுப்பில் ஒரு நாளும் உயர்த்தாத குரலை இப்போது உயர்த்தினார்.

"இதைத் தெய்வானைகிட்ட போய்ச் சொன்னீங்களா?"

அவர் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

"பார்த்தேன்னு சொல்றதுக்குத்தான் டாக்டர் கையெழுத்து. நீங்க பார்த்திருக்கீங்கன்னு நம்பித்தான் அவங்க ஆபரேஷன் டேபிள்ல படுத்தாங்க."