அடிகள் கொடுத்த ஷூ

"சாமி, என் கால்ல கொம்பு முளைச்சிருக்கு."

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஈசான அடிகள் சொம்பைக் கீழே வைத்தார்.

"எங்கே, காட்டுங்கம்மா."

சௌந்தரவல்லி காட்டவில்லை. குருவுக்கு முன்னால் கால் நீட்டக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். அவரோ தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கங்களை மற்றவர்களுக்கும் சேர்த்துக் கடைப்பிடிப்பவர். குருவுக்குத் தன் மகன் வயதுதான் என்றாலும் வழக்கம் வழக்கம்தானே.

"பார்க்காம நான் எப்படிச் சொல்றது?" என்றார் அடிகள்.

வேறு வழியில்லை. சௌந்தரவல்லி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, இடது கால் கேன்வாஸ் ஷூவைக் கழற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கழற்ற முடிந்தது.

கட்டைவிரல் அடுத்த விரலின் மேல் சாய்ந்து கிடந்தது. அதன் அடிமூட்டு பக்கவாட்டில் புடைத்துச் சிவந்திருந்தது.

அடிகள் தரையில் உட்கார்ந்து அந்தப் புடைப்பைத் தொட்டுப் பார்த்தார்.

வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார் சௌந்தரவல்லி. "சாமி, என் காலை நீங்க தொடலாமா?"

"வலிச்சுதா?"

"வலிக்குது. அது வேற விஷயம்."

"எனக்கு அதுதான் விஷயம். எலும்பு வளருதா?"

"புதுசா எதுவும் வளரலையாம். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துக் காட்டினாங்க. விரல் அந்தப் பக்கம் சாயச் சாய, அடிமூட்டு இந்தப் பக்கம் தள்ளிக்கிட்டு வருதாம். எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது."

"அப்படியா?" அடிகள் தன் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டார். "சீவி எடுத்துட்டா?"

"சீவினா மட்டும் போதாதாம். விரலையும் நிமிர்த்தி வைக்கணுமாம். நடக்கவே முடியலைன்னா அப்போ ஆபரேஷன் பார்க்கலாம்னாங்க."

"அதுவரைக்கும்?"

"விரலுக்கு நடுவுல வைக்க ரப்பர் குடுத்தாங்க, வெச்சேன். ஐஸ் ஒத்தடம் குடுத்தேன். தரையில துண்டைப் போட்டு விரலால சுருட்டச் சொன்னாங்க, அதையும் செஞ்சேன். ஒண்ணுக்கும் கேட்கல சாமி. வெள்ளிக்கிழமை மலை ஏறணுமே."

உச்சிவரை தன் காலால் ஏறியவருக்கே அங்கே தீட்சை. போன வருடம் சௌந்தரவல்லி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். டோலியில் வைத்து இறக்கினார்கள். இந்த வருடமும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி தூக்கமில்லை.

"இது எந்த ஜென்மத்துப் பாவம் சாமி?"

அடிகள் சொம்புத் தண்ணீரை அவர் காலில் ஊற்றினார்.

"அந்தக் காய்ஞ்ச கல்லுல ஒரு மிதி மிதிங்க."

மிதித்தார். ஈரத் தடம் விழுந்தது. அடிகள் அந்த ஷூவை எடுத்துத் தடத்தின் மேல் வைத்தார். ஷூவுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஈரம் தெரிந்தது. புடைப்பு இருந்த பக்கம் ஒரு விரல் அகலம் அதிகமாகவே தெரிந்தது.

"எது பெரிசு டீச்சர்?"

"கால்தான்." ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் குரலில் சொன்னார் டீச்சர்.

"டாக்டரம்மா முதல்ல என்ன செய்யச் சொன்னாங்க?"

சௌந்தரவல்லி கிணற்றைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா."

"முன்பக்கம் அகலமா செருப்பு போடச் சொன்னாங்க."

"நீங்க போடல."

"இது நீங்க குடுத்தது சாமி."

கொடுத்தது உண்மைதான். சௌந்தரவல்லி முதல்முதலாக மடத்துக்கு வந்தது ஒரு சித்திரை மாத மத்தியானம். வாசலிலேயே செருப்பு வார் அறுந்துவிட்டது. முற்றத்துக் கல் அடுப்பாய்க் கொதித்தது. எதிரே வந்த அடிகள் தன் ஷூவைக் கழற்றி அவர் முன் வைத்துவிட்டு வெறுங்காலோடு போய்விட்டார். அன்றிலிருந்து சௌந்தரவல்லி வேறு எதையும் காலில் போட்டதில்லை. வாராவாரம் துவைத்து, நிழலில் காயவைத்து, மறுபடியும் காலைத் திணித்துக்கொள்வார்.

"இதைக் கழட்டிட்டா நான் உங்களுக்கு யாரு சாமி?"

கேட்டுவிட்டு அழுதார். இத்தனை நாளும் கேட்கப் பயந்த கேள்வி அது.

அடிகள் ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாசல்லேருந்து தாழ்வாரம் வரைக்கும் நடக்கத்தான் இதைக் குடுத்தேன்."

"அப்போ ஏன் திருப்பிக் கேட்கல?"

"ஒரு பக்தர் அளவு கேட்காம வாங்கிட்டு வந்தார். எனக்கும் கடிச்சுது."

சௌந்தரவல்லியின் அழுகை நின்றது.

"அப்போ நீங்க வெறுங்காலோட நடக்கிறது?"

"அதுக்கென்ன?"

"தவம்னு பேசிக்கிறோம் சாமி. மடமே பேசுது. போன மாசம் விருந்தாளிங்களுக்கு நானே அரைமணி நேரம் விளக்கினேன்."

"தெரியும். அதனாலதான் யாரும் செருப்பு வாங்கித் தர மாட்டேங்கிறாங்க."

சௌந்தரவல்லி முதல்முறையாக அவர் கால்களைப் பார்த்தார். பௌர்ணமிதோறும் பாலும் பன்னீரும் ஊற்றிக் கண்ணை மூடிக் கும்பிட்ட கால்கள். குதிகால் முழுக்க வெடிப்பு. ஒரு வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை நான் மெதுவாத்தான் வருவேன் சாமி," என்றார்.

"நானும் மெதுவாத்தான் நடப்பேன். கல்லு குத்துது."

சொம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. சௌந்தரவல்லி அதைக் கையில் எடுத்தார்.

"காலை நீட்டுங்க சாமி."

"இன்னிக்குப் பௌர்ணமி இல்லையே?"

"அளவு எடுக்கணும்."