ஆமையான இளவரசிக்கு மாடத்தி அமைத்த வீடு

முன்னொரு காலத்தில், பெரியவர்களே, பிள்ளைகளே, மேகங்கள் ஜன்னல் வழியாக நுழைந்து சமையலறை வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு மலைநாடு இருந்தது. முகில்வாடி என்று பெயர். வருஷத்தில் பத்து மாதம் அங்கே சாரல். துவைத்த துணி காய்வதற்கு நாலு நாள் ஆகும். மாறவேள் என்ற ராஜாவும் பூங்கோதை என்ற ராணியும் அந்த நாட்டை ஆண்டார்கள். அவர்களுக்கு ஒரே மகள். ஏழு வயது. பெயர் மின்னி.

ஒரு நாள் புகையன் என்ற மந்திரவாதி சபைக்குள் வந்தான்.

"ராஜா, உன் மலையுச்சிச் சுனையை எனக்குக் கொடு."

"அது ஊரே குடிக்கிற தண்ணீர். தர முடியாது."

இரண்டாம் முறை கேட்டான். முடியாது என்றார் ராஜா. மூன்றாம் முறையும் கேட்டான். முடியவே முடியாது என்றார் ராஜா. புகையன் உள்ளங்கையில் ஒரு பிடி புகையை வைத்து ஊதினான். அப்பாவின் காலடியில் சோழி ஆடிக்கொண்டிருந்த மின்னியை அந்தப் புகை மூடியது. விலகியபோது அங்கே ஒரு பட்டுப் பாவாடை கிடந்தது. அதன் மடிப்புக்குள் உள்ளங்கையளவு ஆமைக்குஞ்சு ஒன்று. கறுத்த ஓட்டில் மஞ்சள் மஞ்சளாக நட்சத்திரக் கோடுகள்.

"இது வெயில் காட்டு ஆமை. உன் ஈர நாட்டில் ஒரு வருஷம் இது உயிரோடு இருந்தால் உன் மகள் திரும்பி வருவாள். அரண்மனைச் சுவரைத் தாண்டினால் அன்றைக்கே முடிந்தது. சுனையைக் கொடுக்கிறாயா, இப்போதே மாற்றிவிடுகிறேன்" என்றான் புகையன்.

ராஜா ராணியைப் பார்த்தார். ராணிதான் பேசினாள். கண்ணில் நீர் கொட்டியது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"கொடுக்காதீங்க. நம்ம பிள்ளைய நாமே பார்த்துக்குவோம்."

புகையன் சிரித்துக்கொண்டே போனான்.

முதலில் நகைக்காரர் வந்தார். தங்கப்பெட்டியில் பட்டு விரித்து ஆமையை வைத்தார். வழவழவென்ற பட்டில் கால் ஊன்ற முடியாமல் அது வழுக்கி வழுக்கி விழுந்தது. பிறகு, கழுத்து நீளவில்லை, கால் அசையவில்லை.

அடுத்து வைத்தியர் வந்தார். பாலும் சோறும் வாழைப்பழமும் ஊட்டச் சொன்னார். வயிறு கெட்டுப்போனது. கழுத்து நீளவில்லை, கால் அசையவில்லை.

மூன்றாவதாக மந்திரி வந்தார். "ஆமை என்றால் தண்ணீரில் அல்லவா இருக்க வேண்டும்?" என்று பெரிய அண்டாவில் விட்டார். ஆமை கல்லைப் போல முழுகியது. ராணி அலறிக்கொண்டு கையை விட்டு எடுத்தாள். எடுத்த கையோடு சமையலறைக்கு ஓடினாள், அடுப்பருகே சூடு காட்டலாம் என்று.

அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள் மாடத்தி. கீழே வெகுதூரத்தில் உள்ள முள்காட்டுச் சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் ஆமையை வாங்கித் தலைகீழாகச் சாய்த்தாள். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. முந்தானையால் துடைத்து அடுப்புத் திட்டின் வெதுவெதுப்பில் வைத்தாள்.

"தண்ணியில போட்டீங்களா தாயே? இது குளத்து ஆமை இல்ல. எங்க ஊர்ல இது முள்ளுச் செடிக்குள்ள கிடக்கும். காலையில வெயில் காயும், உச்சியில நிழலுக்குப் போயிடும், மழை பெஞ்சா குட்டையில கழுத்து வரைக்கும் உக்காந்து குடிக்கும். ஆடு மேய்க்கப் போற எடத்துல நாள் பூரா இதத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"பிழைக்குமா மாடத்தி?"

"அதுக்கு இங்க ஒரு வீடு வேணும். எங்கிட்ட விடுங்க."

அன்றைக்கே வேலை ஆரம்பித்தது. அரண்மனையின் பழைய நெல் பத்தாயத்தைப் பாதி உயரத்துக்கு அறுக்கச் சொன்னாள். இரண்டு கட்டில் அகலம், ஆமை ஏற முடியாத உயரம். செம்மண்ணையும் ஆற்று மணலையும் கலந்து, அடுப்பில் வறுத்து ஈரம் போக்கி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொட்டினாள். தோண்டிப் புதைந்துகொள்ள வேண்டாமா! ஒரு மூலையில் சுட்ட தட்டைக்கல்லை வைத்து மேலே கூரை ஓடு ஒன்றைக் கவிழ்த்தாள். புறங்கையை வைத்துப் பார்த்து, பொறுக்கிற சூடுதானா என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்துகொண்டாள். எதிர் மூலையைக் குளிர்ச்சியாகவே விட்டு, அங்கே உடைந்த பானையைப் பாதியாகக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டும் எதுக்கு?" என்று ராணி கேட்டாள்.

"சூடு வேணும்னா அங்க போகும். போதும்னா இங்க வரும். அதுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது தாயே."

மண்ணுக்குச் சமமாகத் தட்டையான மண்தட்டைப் பதித்தாள். ஆமையின் கன்னம் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர், தினமும் புதுசாக. தின்பதற்கு அறுகம்புல், மூக்கிரட்டைக் கீரை, செம்பருத்திப்பூ. மேலே ஒரு சிட்டிகை முட்டை ஓட்டுப் பொடி. பழம் கிடையாது, பால் கிடையாது.

மூன்றாம் நாள் கழுத்து நீண்டது, கால் அசைந்தது. ஐந்தாம் நாள் செம்பருத்தியைக் கடித்து இழுத்தது. வாயெல்லாம் சிவப்பு. ராணி சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள்.

ஆனால் கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் சொல்ல வேண்டும்? மழைக்காலம் வந்தது. நாற்பது நாள் சூரியனே இல்லை. கல்லின் சூடு இருந்தது, மண் காய்ந்திருந்தது, கீரை இருந்தது. ஆனாலும் ஒரு நாள் மாடத்தி ஆமையின் ஓட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டாள். ஓடு ஊறின அப்பளம் மாதிரி அமுங்கியது.

"வெயில் படணும் மகாராஜா. நெருப்பு வெயிலாகாது. ஓடு இப்படியே போனா நம்ம கையில நிக்காது."

ராஜா தலையில் கைவைத்தார். சுவரைத் தாண்டக் கூடாது, ஊரில் வெயில் இல்லை. என்ன செய்வது? அப்போது கோபுரத்துக் காவல்காரன் சொன்னான்: "விடியும்போது மூடுபனி கொஞ்சம் கீழே இறங்கும் மகாராஜா. ஒரு நாழிகை நேரம் கோபுர உச்சி மட்டும் வெயிலில் நிற்கும். கூரை மறைப்பதால் உள்ளே விழாது."

ராஜா யாரையும் கூப்பிடவில்லை. தாமே ஏணியில் ஏறினார். கோபுர உச்சி அறையின் ஓடுகளை ஒவ்வொன்றாகக் கையால் பிரித்தார். நகம் பெயர்ந்தது, நிறுத்தவில்லை. விடியலுக்கு மட்டும் திறந்து, மழைக்கு மூடிக்கொள்ளும்படி கதவுபோல ஒரு பலகை செய்து பொருத்தினார். பத்தாயத்தை மண்ணோடு மேலே ஏற்றினார்கள்.

மறுநாள் விடிந்தது. ஒரு முறம் அகலத்துக்கு வெயில் மண்ணில் விழுந்தது. ஆமை மெல்ல மெல்ல நடந்து அதற்குள் போய்க் காலைப் பரப்பிக்கொண்டு படுத்தது. அப்போது நடந்ததுதான் மாயம். ஆமை வாயைத் திறந்தது. மின்னியின் குரல் வந்தது.

"அம்மா! என்னைத் தூக்கிக்கோம்மா!"

ராணி பாய்ந்தாள். மாடத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு அடுப்புக்காரி ராணியின் கையைப் பிடிக்கலாமா? பிடித்தாள்.

"வேணாம் தாயே. தூக்கினா வெயில் போயிடும். இருக்கிறது ஒரு நாழிகைதான்."

பெற்ற பிள்ளை கூப்பிடுகிறது, தூக்கக் கூடாது. ராணி பத்தாயத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா இங்கதான் இருக்கேன்டா. பேசு, நான் கேட்கிறேன்" என்றாள்.

வெயில் இருக்கும்வரை மின்னி பேசினாள். வெயில் விலகியதும் வெறும் ஆமை. அன்று முதல் தினமும் ஒரு நாழிகை. மண் எப்படி மணக்கிறது, பானைக்குள் எவ்வளவு இருட்டு, மூக்கிரட்டை கசக்கிறது என்றெல்லாம் சொல்வாள். மாடத்தி முள்காட்டுச் சீமையைப் பற்றிச் சொல்வாள். ராஜா சபையை மறந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஓடு இறுகியது, ஆமை வளர்ந்தது.

வருஷத்தின் கடைசி நாள் விடியலில் புகையன் படியேறி வந்தான். வெறும் ஓட்டைப் பார்க்க வந்தவன், ஆமை ஒரு செம்பருத்தியைத் துரத்திக்கொண்டு நடப்பதைப் பார்த்தான். கோபத்தில் அறை நிறையப் புகையை ஊதினான். திறந்த கூரை வழியே இறங்கிய வெயில் அந்தப் புகையைக் கரைத்துவிட்டது. அத்தனை மந்திரமும் அதோடு போனது. இருமிக்கொண்டு நின்ற சாதாரண மனிதன்தான் மிச்சம். ராணி அவனுக்குச் சூடான கஞ்சி கொடுத்து அனுப்பச் சொன்னாள். குடித்துவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை.

மண்ணுக்கு நடுவில் மின்னி நின்றாள். முழங்காலெல்லாம் செம்மண், வாயெல்லாம் சிவப்பு. இந்த முறை ராணி தூக்கியதை யாரும் தடுக்கவில்லை.

ராஜா மாடத்திக்கு வீடும் நிலமும் கொடுத்தார், ராணி தன் தங்கை என்று சபையில் சொல்லிக் கைப்பிடித்து உட்கார வைத்தாள். ஊர் மூன்று நாள் விருந்து சாப்பிட்டது.

நாலாம் நாள் விடியும்போது மாடத்திக்கு விழிப்பு வந்துவிட்டது. கல்லைச் சுட வைக்க வேண்டிய நேரம். யாருக்கு? இருந்தும் கோபுரத்துக்கு ஏறினாள். அங்கே ராணி முன்னமே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கும் தூக்கம் வரலையா மாடத்தி?"

"பழகிப்போச்சு தாயே."

"தாயே இல்ல. அக்கா."

"பழகிப்போச்சு அக்கா."

இரண்டு பேரும் வெறும் பத்தாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணில் குட்டிக் குட்டிக் கால்தடங்கள் இன்னும் அழியவில்லை. வெயில் வந்து அவற்றின் மேல் விழுந்தது. பேச ஆள் இல்லை. பிள்ளை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வருஷம் இனி வராது. இரண்டு பேர் கண்ணும் கலங்கியது.

கீழேயிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். மின்னி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ஏன் அழறீங்க ரெண்டு பேரும்? நான்தான் வந்துட்டேனே!"

சொல்லிவிட்டு இருவருக்கும் நடுவில் இடித்துப் புகுந்து உட்கார்ந்தாள். அவர்கள் ஒரு நாழிகை பேசிக்கொண்டிருந்தார்கள். முகில்வாடியில் அதன் பிறகும் மழை பெய்தது, துணி காயவில்லை, எல்லோரும் சுனைத்தண்ணீரைக் குடித்துச் சுகமாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் அப்படியே இருங்கள்.