கடலைக்கொல்லைக் கோட்டை

சுண்டைக்காட்டூரில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழித்ததில்லை, அப்படியே இருக்கிறது. அந்த ஊர் பிச்சைக்கண்ணு, மகள் கல்யாணத்துக்குக் கடலை விளைச்சலைத்தான் நம்பியிருந்தான். பொழுது சாய்ந்தால் போதும், காட்டுப்பன்றிகள் வந்து கொல்லையைக் கிளறிவிடும்.

"வயிறு எரியுது மச்சான்!" என்று பெண்டாட்டியின் அண்ணன் சடையாண்டியிடம் அழுதான்.

"அழாதே மாப்ளே. கடலோரத்துல ஒரு கோட்டை இருக்கு. எந்த எதிரியும் உள்ளே நுழைஞ்சதே இல்லையாம். எப்படிக் கட்டினான்னு பார்த்துட்டு வருவோம்."

பிச்சைக்கண்ணுவின் உலகநாதப் பெரியப்பாவும் கிளம்பினார். புளிச்சோறு கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாராம்.

கோட்டையைச் சுற்றிக் காட்டிய கைடு நல்ல மனுஷன். "பாதை வளைஞ்சு வளைஞ்சு போகுது பாருங்க. யானை ஓடி வந்து கதவை முட்ட முடியாது. எந்தக் கோட்டைக்கும் வாசல்தான் பலவீனம். முற்றுகை போட்டா, உள்ளே இருக்கிறவங்க இருக்கிறதைத் தின்னுக்கிட்டே தாக்குப்பிடிப்பாங்க. எதிரி சலிச்சுப் போயிடுவான்."

மூவரும் கொத்தளத்து நிழலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பலவீனம்னு தெரிஞ்சும் வாசலை ஏன் வச்சான்?" என்றான் பிச்சைக்கண்ணு.

"அவசரத்துல வச்சிருப்பான், பாவம்," என்றார் பெரியப்பா. "நாம வைக்க வேணாம்."

ஊர் திரும்பியதும் கொல்லைக்குள் நின்றபடியே சுற்றிலும் இரண்டாள் உயரத்துக்குக் கல்சுவர் எழுப்பினார்கள். வளைந்த பாதையையும் விடவில்லை. உள்ளே இருந்த கிணற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போனால்கூட வளைந்து வளைந்துதான் போனார்கள்.

சுவர் முடிந்த அன்று சாயங்காலமே பன்றிகள் வந்து சுவரை முகர்ந்தன.

"முற்றுகை!" என்று கத்தினார் பெரியப்பா. "தின்னுங்கடா!"

கடலையைப் பிடுங்கிப் பிடுங்கித் தின்றார்கள். பச்சையாகத் தின்றார்கள், சுட்டுத் தின்றார்கள். பன்றிகள் தினமும் வந்தன, இவர்களும் அசரவில்லை. பிச்சைக்கண்ணுவுக்கு வயிற்றுப்போக்கே வந்துவிட்டது. மகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றான். கடைசிச் செடியும் காலியான அன்று பன்றிகள் வரவில்லை.

"ஜெயிச்சுட்டோம் மச்சான்! பன்னிக்கு ஒரு பருப்புகூடக் கிடைக்கல!" பிச்சைக்கண்ணுவுக்கு ஆனந்தக் கண்ணீர். "வாங்க, வீட்டுக்குப் போய்க் கல்யாண வேலையைப் பார்ப்போம்."

அப்போதுதான் வழியைத் தேடினார்கள்.

"சுவத்தை இடிச்சிடலாமா?" என்றான் சடையாண்டி.

பிச்சைக்கண்ணுவுக்கு வந்ததே கோபம்! "எதிரியே இடிக்காத கோட்டையை நாம இடிக்கிறதா? மானம் போயிடும் மச்சான்!"

"அதுவும் சரிதான்," என்றார் பெரியப்பா. "எதிரிதான் இடிக்கணும்."

மூவரும் சுவரோரம் வரிசையாக நின்று, காட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட ஆரம்பித்தார்கள்: "வா, பன்னி, வா!"